7,20,720 என்னும் எண்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மும்பை செம்பூரில் எங்கள் வீட்டுக் கூடத்தில் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித் தருகிறேன். மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் படிப்பவர்கள், மராத்தி வழியில் படிப்பவர்கள், ஆங்கில வழியில் படிப்பவர்கள் என மூன்று வகையினரும் வருவதால், ஒரு பிள்ளை ‘மீச்சிறு பொது மடங்கு’ என்று சொல்வதை அடுத்த பிள்ளை ‘லசாவி’ என்று சொல்லும். இருவரும் ஒரே விடையைக் காட்டும்போதுதான் ஒன்றையே பேசுகிறார்கள் என்பது மற்றவர்களுக்குப் புரியும். ‘ஒன்று முதல் பதினாறு வரை எந்த எண்ணால் வகுத்தாலும் மீதி வராத மிகச் சிறிய எண் எது?’ என்று ஒரு மாணவி கேட்ட நாளில் 7,20,720 எங்கள் கூடத்துக்குள் வந்தது. அதன்பின் பிள்ளைகளும் பெற்றோரும் கேட்ட கேள்விகளையும், நான் சொன்ன விடைகளையும் இங்கே எழுதியிருக்கிறேன்.

இந்த எண்ணை எப்படி வாசிப்பது?

இன்றைய வழக்கில் ஏழு லட்சத்து இருபதாயிரத்து எழுநூற்று இருபது. ஆனால் ‘லட்சம்’ என்ற சொல்லுக்குத் தமிழில் நூறாயிரம் என்ற பழைய பெயர் உண்டு. அந்த வழியில் வாசித்தால் ‘எழுநூற்று இருபதாயிரத்து எழுநூற்று இருபது’ என்று வரும். பத்துக்கும் நூறுக்கும் ஆயிரத்துக்கும் தனித்தனிக் குறிகள் இருந்த பழைய தமிழ் எண்முறையில் எழுதினால் இது ௭௱௨௰௲௭௱௨௰ என்று அமையும்: நடுவில் ஆயிரத்தின் குறி, அதற்கு இருபுறமும் ஒரே எழுநூற்று இருபது. இந்த வாசிப்பை நான் வேண்டுமென்றே முதலில் சொல்லித் தருகிறேன், ஏனென்றால் எண்ணின் பாதி இரகசியம் இதில் வெளிப்பட்டுவிடுகிறது. ஆயிரம் எழுநூற்றிருபதும் இன்னும் ஓர் எழுநூற்றிருபதும் சேர்ந்தால் ஆயிரத்தொரு எழுநூற்றிருபது. அதாவது 720 × 1,001.

இதன் பகாக் காரணிகள் யாவை?

மேலே கண்ட பெருக்கலைப் பிரித்தாலே போதும். 1,001 என்பது 7 × 11 × 13. மூன்று இலக்க எண் ஒன்றை இருமுறை அடுத்தடுத்து எழுதினால் கிடைக்கும் ஆறு இலக்க எண் எதுவாயினும் 7, 11, 13 மூன்றாலும் வகுபடுவது இதனால்தான். 720 என்பது 1 முதல் 6 வரை உள்ள எண்களின் பெருக்கற்பலன். அதைப் பிரித்தால் 2⁴ × 3² × 5. ஆகவே,

7,20,720 = 2⁴ × 3² × 5 × 7 × 11 × 13.

கீழே வரும் பெரும்பாலான விடைகள் இந்த ஒரு வரியிலிருந்துதான் பிறக்கின்றன. பிள்ளைகளிடம் எண்ணை மனப்பாடம் செய்யச் சொல்லாமல் இந்த வரியை எழுதிப் பார்க்கச் சொல்வதும் அதனாலேயே.

1 முதல் 16 வரை எல்லா எண்களாலும் வகுபடும் மிகச் சிறிய எண் இதுதான் என்று எப்படி உறுதியாகச் சொல்ல முடியும்?

1 முதல் 16 வரை உள்ள எண்களில் ஒவ்வொரு பகா எண்ணும் அதிகபட்சமாக எத்தனை முறை தேவைப்படுகிறது என்று பார்க்க வேண்டும். 16 இருப்பதால் நான்கு 2 கட்டாயம் வேண்டும். 9 இருப்பதால் இரண்டு 3 வேண்டும். 5, 7, 11, 13 ஒவ்வொன்றும் ஒரு முறை வேண்டும். இவற்றில் எதைக் குறைத்தாலும் 16, 9, 5, 7, 11, 13 ஆகியவற்றுள் ஏதோ ஒன்று வகுக்காமல் போய்விடும். எதையும் கூட்ட வேண்டிய தேவையும் இல்லை, ஏனென்றால் 10, 12, 14, 15 ஆகியவை ஏற்கெனவே உள்ள காரணிகளாலேயே நிறைவடைகின்றன.

ஒரு பயிற்சி நூலில் இந்தக் கணக்குக்கு 1 முதல் 16 வரை எல்லாவற்றையும் பெருக்கிய தொகையை விடையாக அச்சிட்டிருந்ததை ஒரு மாணவன் கொண்டுவந்து காட்டினான். அந்தப் பெருக்கற்பலனும் எல்லாவற்றாலும் வகுபடும் என்பது உண்மைதான். ஆனால் அது நம் எண்ணைப் போல 2,90,30,400 மடங்கு பெரியது. ‘மிகச் சிறிய’ என்ற சொல்லைக் கேள்வியில் கவனிக்காமல் விட்டால் விளைவது இந்த அளவுப் பிழை.

இதற்கு எத்தனை வகுத்திகள் உள்ளன?

240. ஒரு வகுத்தியை உருவாக்கும்போது 2-ஐ ஒரு முறைகூட எடுக்காமலோ, ஒன்று முதல் நான்கு முறை வரையோ எடுக்கலாம். அதற்கு ஐந்து வழிகள். 3-க்கு மூன்று வழிகள். மற்ற நான்கு பகா எண்களுக்கும் எடுப்பது, விடுவது என்று இரண்டிரண்டு வழிகள். 5 × 3 × 2 × 2 × 2 × 2 = 240. பெருக்கினால் இந்த எண்ணே வரும்படி இவற்றை இணைகளாகப் பிரித்து, ஒவ்வோர் இணையையும் நீளம், அகலமாகக் கொண்டால் 120 செவ்வகங்கள் கிடைக்கும். அவற்றுள் சதுரத்துக்கு மிக நெருங்கியது 840 × 858. இந்த இணையிலிருந்து 849² − 9² = 7,20,720 என்ற அழகான சமன்பாடும் வருகிறது, ஏனென்றால் 840-க்கும் 858-க்கும் நடுவில் இருப்பது 849; அதிலிருந்து இரண்டும் ஒன்பது தள்ளி நிற்கின்றன.

240 வகுத்திகளில் ஒற்றை எண்களாக இருப்பவை 48 என்பதையும் சொல்லி வைக்கிறேன். அந்த 48-இலிருந்து ஒன்றைக் கழித்தால் வரும் 47 வழிகளில் இந்த எண்ணை அடுத்தடுத்து வரும் மிகை முழு எண்களின் கூட்டலாக எழுதலாம்.

‘உயர் பகு எண்’ என்று இதைச் சொல்வதன் பொருள் என்ன?

தன்னைவிடச் சிறிய எந்த எண்ணுக்கும் இல்லாத அளவு வகுத்திகள் ஓர் எண்ணுக்கு இருந்தால் அது உயர் பகு எண். 1, 2, 4, 6, 12, 24, 36, 48, 60, 120 என்று தொடங்கும் அந்த வரிசையில் 7,20,720 முப்பத்தெட்டாவது இடத்தில் நிற்கிறது. அதற்கு முந்தையது 224 வகுத்திகள் கொண்ட 6,65,280. அடுத்தது 256 வகுத்திகள் கொண்ட 10,81,080.

பத்து லட்சத்துக்குள் 240 வகுத்திகளை மிஞ்சிய எண் கிடையாது. 240 வகுத்திகளைத் தொடுபவை ஐந்து: 7,20,720, 8,31,600, 9,42,480, 9,82,800, 9,97,920. ஐந்திலும் சிறியதற்கு மட்டுமே உயர் பகு எண் என்ற பெயர் உரியது. மற்ற நான்கும் முன்பே எட்டப்பட்ட எல்லையைத் தொடுகின்றனவே தவிரத் தாண்டவில்லை.

இந்த எண்களை முறையாக ஆராய்ந்து பெயரிட்டவர் ஈரோட்டில் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்த சீனிவாச இராமானுஜன். கேம்பிரிட்ஜில் இருந்தபோது அவர் எழுதிய நீண்ட கட்டுரை 1915-இல் லண்டன் கணிதவியல் கழகத்தின் இதழில் வெளிவந்தது. அந்த ஆய்வுக்காகவே 1916-இல் அவருக்கு இளங்கலைப் பட்டம் வழங்கப்பட்டது. உயர் பகு எண்ணைப் பகாக் காரணிகளாகப் பிரித்தால் 2, 3, 5, 7 என்று இடையில் எதையும் விடாமல் வரிசையாகப் பகா எண்கள் வர வேண்டும் என்றும், அவற்றின் அடுக்குகள் இடமிருந்து வலமாக ஏறாமல் செல்ல வேண்டும் என்றும், 4, 36 என்னும் இரண்டைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் கடைசிப் பகா எண்ணின் அடுக்கு 1 ஆகவே இருக்கும் என்றும் அதில் நிறுவினார். நம் எண்ணின் அடுக்குகள் 4, 2, 1, 1, 1, 1. மூன்று நிபந்தனைகளும் நிறைவேறுவதைப் பார்க்கலாம். முதல் இரண்டின் காரணம் பள்ளிப் பிள்ளைக்கும் விளங்கக்கூடியது: 2-க்கு 2 என்ற அடுக்கும் 3-க்கு 4 என்ற அடுக்கும் இருந்தால், அவற்றை இடம் மாற்றிய உடனே வகுத்திகளின் எண்ணிக்கை குறையாமல் எண் மட்டும் சிறியதாகிவிடும், ஆகவே பழைய எண் உயர் பகு எண்ணாக இருந்திருக்க முடியாது.

இந்த நிபந்தனைகளை நிறைவேற்றுவதாலேயே ஓர் எண் உயர் பகு எண் ஆகிவிடாது. 420-ஐ எடுத்துக்கொண்டால் அடுக்குகள் 2, 1, 1, 1 என்று ஒழுங்காகவே இருக்கின்றன. ஆனால் அதன் 24 வகுத்திகளை 360 முன்பே பெற்றுவிட்டது.

‘மேனிலை உயர் பகு எண்’ என்று இன்னொரு வகையும் உண்டாமே?

உண்டு. அதே கட்டுரையில் இராமானுஜன் வகுத்த பிரிவு அது. எனக்கு இந்தப் பட்டியலிலேயே மிகவும் பிடித்ததும் அதுதான்.

எண் பெரிதானால் வகுத்திகள் கூடுவதில் வியப்பில்லை. அப்படியானால், பெரிதானதற்கு ஒரு விலையை வைத்து, அந்த விலைக்கு எது அதிகம் தருகிறது என்று கேட்டுப் பார்க்கலாம். எண்ணை 0.265 என்னும் அடுக்குக்கு உயர்த்தி, வருகிற தொகையால் வகுத்திகளின் எண்ணிக்கையை வகுக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். 55,440-க்கு 120 வகுத்திகள். அதற்கு ஏறத்தாழ 6.64 வரும். 6,65,280-க்கு 6.41. 10,81,080-க்கு 6.45. 14,41,440-க்கு 288 வகுத்திகள்; அதற்கு 6.72. நம் 7,20,720-க்கு 6.73. எல்லா முழு எண்களையும் சோதித்தாலும் இதைவிட அதிகம் தருவது எதுவும் இல்லை. இவ்வாறு ஏதேனும் ஓர் அடுக்குக்கு முதலிடத்தில் நிற்கும் எண்ணே மேனிலை உயர் பகு எண்.

எல்லா எண்களையும் சோதிக்க முடியாதே என்று ஒரு மாணவன் சரியாகவே கேட்டான். ஒவ்வொரு பகா எண்ணையும் தனித்தனியாகப் பார்த்தால் சோதனை முடிந்துவிடுகிறது என்பதே இதன் விடை. 13-ஐச் சேர்த்தால் வகுத்திகள் இரு மடங்காகின்றன, விலையோ 13-ஐ அந்த அடுக்குக்கு உயர்த்திய அளவு, 0.265 என்ற அடுக்கில் அது 2-க்குச் சற்றுக் குறைவு, ஆகவே சேர்ப்பது ஆதாயம். 17-ஐச் சேர்த்தாலும் வகுத்திகள் இரு மடங்கே ஆகும், ஆனால் விலை 2-ஐத் தாண்டிவிடும். ஐந்தாவது 2-ஐச் சேர்த்தால் வகுத்திகள் ஐந்துக்கு ஆறு என்ற விகிதத்தில்தான் கூடும், விலை அதைவிடச் சற்று மிகும். மூன்றாவது 3, இரண்டாவது 5 ஆகியவையும் இப்படியே நட்டத்தில் முடியும். உள்ளதில் எதையாவது நீக்கினாலும் நட்டம். கடைக்காரர் ஒவ்வொரு சரக்கையும் தனித்தனியே கணக்குப் பார்த்து வாங்குவது போன்ற இந்த முறையில், 0.2631 முதல் 0.2702 வரை எந்த அடுக்கை விலையாக வைத்தாலும் விடை 7,20,720 ஆகவே வருகிறது.

2, 6, 12, 60, 120, 360, 2,520, 5,040, 55,440 ஆகிய ஒன்பதுக்குப் பின் பத்தாவதாக இது நிற்கிறது. 38-ஆவது உயர் பகு எண், பத்தாவது மேனிலை உயர் பகு எண் என்ற இரண்டையும் ஒப்பிட்டால் இரண்டாம் பட்டியல் எவ்வளவு கண்டிப்பானது என்பது தெரியும்.

இது செவ்விய எண்ணா, மிகை எண்ணா, குறை எண்ணா?

மிகை எண். தன்னைத் தவிர்த்த வகுத்திகளின் கூட்டுத்தொகை எண்ணுக்குச் சமமானால் செவ்விய எண், கூடினால் மிகை எண், குறைந்தால் குறை எண். 7,20,720-இன் எல்லா வகுத்திகளையும் கூட்டினால் 31 × 13 × 6 × 8 × 12 × 14 = 32,49,792; தன்னைக் கழித்தால் 25,29,072. எண்ணைவிட மூன்றரை மடங்கு. முழுக் கூட்டுத்தொகைக்கும் எண்ணுக்கும் உள்ள விகிதம் சரியாக 248/55, அதாவது சுமார் 4.509.

வகுத்திகளின் எண்ணிக்கைக்குச் செய்த அதே விலைக் கணக்கைக் கூட்டுத்தொகைக்கும் செய்து, அதில் முதலிடம் பெறும் எண்களுக்கு அலோக்லு, எர்டிஷ் என்னும் இருவர் 1944-இல் ஒரு பெயர் வைத்தார்கள். தமிழில் ‘பேரளவு மிகை எண்’ என்று சொல்லலாம். 7,20,720 அந்தப் பட்டியலிலும் உண்டு, அங்கும் பத்தாம் இடமே. இராமானுஜன் தம் கட்டுரையின் பிற்பகுதியில் இந்தக் கூட்டுத்தொகையையும் ஆராய்ந்திருந்தார். கழகத்தின் பணமுடையால் அப்பகுதி அன்று அச்சேறாமல் நின்று, 1997-இல்தான் வெளிவந்தது. அது காலத்தே வந்திருந்தால் என்ற ஏக்கம் எனக்கு உண்டு.

இந்த எண்களுக்கும், பகா எண்களின் பரவலைப் பற்றி இன்னும் நிறுவப்படாமல் இருக்கும் ரீமான் கருதுகோளுக்கும் நேரடித் தொடர்பு இருக்கிறது. 5,040-க்கு மேற்பட்ட ஒவ்வோர் எண்ணுக்கும் மேற்சொன்ன விகிதம், எண்ணின் இயல் மடக்கைக்கு மீண்டும் இயல் மடக்கை கண்டு அதைச் சுமார் 1.781 என்னும் மாறிலியால் பெருக்கிய தொகைக்குக் குறைவாகவே இருக்குமானால் அந்தக் கருதுகோள் உண்மை, இல்லையேல் பொய் என்று பிரெஞ்சுக் கணிதர் ரோபின் 1984-இல் நிறுவினார். நம் எண்ணுக்கு அந்த எல்லை சுமார் 4.634. விகிதம் 4.509. எல்லைக்கு உள்ளேதான் இருக்கிறது, ஆனால் அதிக இடைவெளி இல்லை.

வகுத்திகளைக் கூட்டி எந்த எண்ணையும் பெற முடியுமா?

1 முதல் 32,49,792 வரை எந்த முழு எண்ணையும் இதன் வகுத்திகளில் சிலவற்றை, எதையும் இரண்டாம் முறை எடுக்காமல், கூட்டிப் பெறலாம். இப்பண்புள்ள எண்களை நடைமுறை எண்கள் என்பர். எடுத்துக்காட்டாக, 1,000 இதன் வகுத்தி அன்று. ஆனால் 990-உம் 10-உம் வகுத்திகள். ஆகவே 1,000/7,20,720 என்னும் பின்னம் 1/728 + 1/72,072 என்று இரு அலகுப் பின்னங்களாகப் பிரிந்துவிடுகிறது.

ஹர்ஷத் எண் என்பது என்ன? இது அதில் அடங்குமா?

தன் இலக்கங்களின் கூட்டுத்தொகையால் மீதியின்றி வகுபடும் எண் ஹர்ஷத் எண். 7 + 2 + 0 + 7 + 2 + 0 = 18; 7,20,720 ÷ 18 = 40,040. அடங்கும். மகிழ்ச்சி தருவது என்னும் பொருளுடைய இந்த வடசொற்பெயரை வைத்தவர் நாசிக் அருகே தேவளாலியில் பள்ளி ஆசிரியராக இருந்த த. ரா. காப்ரேகர். மும்பைக்கு வடக்கே தகாணுவில் பிறந்தவர் அவர் என்பதைப் பிள்ளைகளிடம் தவறாமல் சொல்கிறேன். புறநகர் ரயில் போகும் ஊரிலிருந்து ஒரு கணக்குப் பெயர் உலகத்துக்குப் போயிருக்கிறது என்று கேட்கும்போது அவர்கள் நிமிர்ந்து உட்காருகிறார்கள்.

இலக்கங்களைக் கூட்டினால் 9 வருகிறதே, இது அதிர்ஷ்ட எண்ணா?

18-ஐ மீண்டும் கூட்டி 9 வருவது எண் 9-ஆல் வகுபடுகிறது என்பதை மட்டுமே காட்டும். வேறு எதையும் காட்டாது.

எதால் வகுத்தாலும் மீதி 1 வரும் புதிர்க் கணக்குக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

வாஷி மொத்தச் சந்தைக் கிடங்கில் தேங்காய்கள் குவிந்திருக்கின்றன. இரண்டிரண்டாக, மூன்று மூன்றாக, இப்படியே பதினாறு பதினாறாக அடுக்கினாலும் ஒவ்வொரு முறையும் ஒரு தேங்காய் மிஞ்சுகிறது. பதினேழு பதினேழாக அடுக்கினால் மட்டும் எதுவும் மிஞ்சவில்லை. குறைந்தது எத்தனை தேங்காய்கள்?

மீதி 1 வர வேண்டுமானால் எண்ணிக்கை 7,20,720-இன் ஏதோ ஒரு மடங்கைவிட ஒன்று கூடுதலாக இருக்க வேண்டும். 7,20,720-ஐ 17-ஆல் வகுத்தால் மீதி 5. ஐந்தை எத்தனையால் பெருக்கி ஒன்றைக் கூட்டினால் 17-இன் மடங்கு வரும் என்று தேட வேண்டும்: 6, 11, 16, 21 என்று போய்ப் பத்தாவதில் 51 வருகிறது. ஆகவே விடை 72,07,201 தேங்காய்கள். 17-ஆல் வகுத்தால் ஈவு 4,23,953. கூட்டத்தில் ஒரு தாத்தா காகிதமே இல்லாமல் இதைச் செய்துகாட்டினார்.

இதன் தலைகீழ்ப் பின்னம் எப்படி இருக்கும்?

1 ÷ 7,20,720 = 0.0000 013875 013875 013875… முதல் நான்கு சுழிகளுக்குப் பின் 013875 என்ற ஆறு இலக்கங்கள் முடிவின்றித் திரும்ப வருகின்றன. நான்கு என்பது 2⁴ தந்தது. ஆறு என்பது 7-உம் 13-உம் தந்தது.

இரும எண்முறையில் எழுதினால்?

10101111111101010000. கடைசி நான்கு சுழிகளையும் நீக்கினால் எஞ்சும் 1010111111110101 முன்னிருந்து படித்தாலும் பின்னிருந்து படித்தாலும் ஒன்றே. நம் செய்யுள் மரபில் மாலைமாற்று என்பார்களே, அது போல. நீக்கிய பின் எஞ்சும் எண் 45,045. 1 முதல் 15 வரை உள்ள ஒற்றை எண்கள் அனைத்தின் மீச்சிறு பொது மடங்கு அது. மாலைமாற்றாக அமைந்ததற்கு ஆழமான காரணம் எதையும் நான் கற்பிக்கவில்லை. முந்தைய பண்புகள் காரணிகளிலிருந்து தவிர்க்க முடியாமல் வந்தவை, இது தற்செயலாக வாய்த்தது. இரண்டையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது.

17-ஐயும் சேர்த்துக்கொண்டால் என்ன ஆகும்?

1 முதல் 17 வரை வகுபடும் மிகச் சிறிய எண் 7,20,720 × 17 = 1,22,52,240. அது 18-ஆலும் தானாகவே வகுபடும். அதற்கு 480 வகுத்திகள். இதுவும் உயர் பகு எண்ணாக இருக்கும் என்றுதான் பிள்ளைகள் எதிர்பார்த்தார்கள். ஆனால் 7,20,720-ஐ 17-க்குப் பதிலாக 15-ஆல் பெருக்கினால் 1,08,10,800 வருகிறது; ஒரு 3-உம் ஒரு 5-உம் கூடுவதால் அடுக்குகள் 4, 3, 2, 1, 1, 1 ஆகி, 5 × 4 × 3 × 2 × 2 × 2 = 480 வகுத்திகள் அதற்கும் கிடைத்துவிடுகின்றன. புதிய பகா எண்ணைக் கொண்டுவருவதைவிடப் பழையவற்றை இன்னொரு முறை எடுப்பது இங்கே மலிவாகிவிட்டது.